நடுமூளைக்குள் ஒரு மாமியார்

கியிம்பாவை அவருடைய மாமியார் பார்த்தாரா, இல்லையா என்று இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வந்து கேட்டால் துடைப்பத்தாலேயே பதில் சொல்லுவேன். கம்பாலாவில் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையை இருபத்திரண்டு வருஷம் கழுவித் துடைத்தவள் நான். கியிம்பா அங்கே உதவியாளர். அவர் கூடவே நின்றவள் என்பதால் சொல்லுகிறேன். மற்றவர்கள் சொல்லுவதெல்லாம் காதில் விழுந்ததை வைத்துக் கட்டியது.

பத்தொன்பது வயதில் கல்லூரிக்குப் புல் வெட்ட வந்தவர் அவர். ஒருநாள் பிணத்தைத் தூக்க ஆள் போதவில்லை என்று உள்ளே கூப்பிட்டார்களாம். உள்ளே போனவர் வெளியே வரவில்லை. உடலைப் பதப்படுத்துவது, மூளையை எடுத்து மருந்து நீரில் ஊறப்போடுவது, ரொட்டி சீவுகிற மாதிரி சீவித் தட்டில் வரிசையாக வைப்பது, எல்லாம் அவர்தான். வேலைக்கு டை கட்டிக்கொண்டு வருவார். கதவைத் திறந்ததும் மேஜை மேஜையாகப் போய், "ராத்திரி எப்படிப் போச்சு, நல்லாத் தூங்கினீங்களா?" என்று விசாரிப்பார். முதல் வாரம் நான் வாளியோடு வாசலிலேயே நின்றுவிடுவேன். அப்புறம் யாராவது பதில் சொல்லிவிடப் போகிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

மூளையில் அவருக்குப் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. நடுமூளை. கட்டைவிரலின் நுனிக்கணு அளவுதான் இருக்கும். குறுக்கே சீவித் தட்டில் வைத்தால் பக்கத்துக்கு ஒன்றாக லேசாகச் சிவந்த இரண்டு வட்டம், அவற்றுக்கு மேலே கறுப்பாக இரண்டு கீற்று, கீழே நடுவில் சின்ன ஓட்டை. கறுத்த புருவம், சிவந்த கண், திறந்த வாய். பார்த்தால் முகமேதான். சாயங்காலம் கிளம்பும்போது அந்தத் தட்டை மட்டும் ஈரத்துணி போட்டு மூடிவிட்டுப் போவார். காலையில் வந்தால் சில நாள் துணி விலகிக் கிடக்கும். "நாமுக்காசா, நீயா எடுத்தே?" என்பார். நான் அந்தத் தட்டுப் பக்கமே போனதில்லை. அறையில் எலி கிடையாது, ஜன்னலும் திறப்பதில்லை.

மாணவர்களுக்கு அவர் சொல்லுவது, தரையைத் துடைத்துத் துடைத்து எனக்கே மனப்பாடம். "இந்தச் சிவப்புக்குள்ள புகுந்து முன்பக்கமா வெளிய வருது பாருங்க, ஒரு நூலு. இவன்தான் மூணாம் நரம்பு. இமையத் தூக்குறவன், கண்ணை உள்ள இழுக்குறவன், கண்மணியைச் சுருக்குறவன், எல்லாம் இவன்தான். நாலாமவன் திருடன், பின்பக்கமா வந்து சுத்திக்கிட்டுப் போவான். முடி மாதிரி இருப்பான், பாத்துத் தொடுங்க, அறுத்துடாதீங்க. ஆறாமவன் கீழ்வீட்டுக்காரன். கண்ணை வெளிப்பக்கம் இழுக்குறவன். மூணாமவன் போயிட்டான்னா கண்ணு ஆறாமவன் கைக்குப் போயிடும். அவன் பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போவான்."

இனி மாமியார். பெயர் நன்யோங்கா. கோம்பா பக்கம் கிராமம். மழையில் வீடு இடிந்து விழுந்தபோது பெற்ற மகன்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். மூத்தவன் கவூமா, "எங்க வீட்டுல கோழிக்கே இடமில்ல" என்றான். மகள் தெயோபிஸ்தா, கியிம்பாவின் மனைவி, அழுதாள். கியிம்பா தன் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோப்பைப் பார்த்து வாசல் வைத்துத் தனி அறை ஒன்று கட்டினார். மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. மருமகன் முற்றத்தில் மாமியார் குடியிருப்பதா என்று தெருவே வாயைப் பிளந்தது. ஆனால் அவர்கள் முறை தவறவில்லை. கியிம்பா வேலி வாசலில் நின்று மூன்று முறை இருமுவார். அந்த அம்மா உள்ளே போய்விடுவார். தப்பித் தவறிக் குறுக்கே வர நேர்ந்தால் தலையிலிருந்து மார்பு வரை துணியைப் போட்டுக்கொள்ளுவார். சமைப்பது மட்டும் அந்த அம்மாதான். "பதினோரு வருஷமா அவங்க கை ருசி தெரியும் எனக்கு. முகம் தெரியாது" என்று கியிம்பா பெருமையாகச் சொல்லுவார்.

ஒருநாள் காலையில் மூளை சீவும் கத்தி அவர் வலது கையில் ஆடியது. குளிராக்கும் என்று நினைத்தேன். நிமிர்ந்தார். இடது இமை கடைக் கதவு மாதிரி முழுக்க இறங்கியிருந்தது. "நாமுக்காசா, கொஞ்சம் தூக்கிப் பாரு" என்றார். விரலால் தூக்கினேன். உள்ளே கண் என்னைப் பார்க்கவில்லை. வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கீழே தள்ளி, சுவரோரம் யாரோ நிற்கிறது போல அங்கே பார்த்துக்கொண்டிருந்தது. கண்மணி அகலமாக விரிந்து கறுத்துக் கிடந்தது. மேஜை மேல் கிடப்பவர்களுக்கு அப்படி இருக்கும். உயிரோடு நிற்கிறவருக்கு, அதுவும் ஒரே ஒரு கண்ணில் அப்படி நான் பார்த்ததில்லை. கையை உதறிக்கொண்டு பின்னால் போய்விட்டேன்.

அவர் எவர்சில்வர் தட்டில் தன்னைப் பார்த்துக்கொண்டார். "பாதி ஆளு டிபார்ட்மென்டுக்கு வந்து சேந்தாச்சு" என்று சிரித்தார். பிறகு துணியை விலக்கி, நடுமூளைத் துண்டில் இடது பக்கத்துச் சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தார். விரல் ஆடியது. "இங்கதான். இங்க வந்தா அந்தப் பக்கக் கண்ணு போகும், எதிர்ப் பக்கக் கை நடுங்கும். நானே நூறு தடவை சொல்லியிருக்கேன்."

டாக்டர் அசெங், வடக்குப் பக்கத்துப் பெண், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள். காசநோய்க் கட்டி, பட்டாணி அளவு. ஒரு வருஷம் மாத்திரை. "ஒருநாள் கூட நிறுத்தக் கூடாது, ஐயா. நிறுத்தினா திரும்பி வரும், அப்போ மருந்து கேக்குமான்னு சொல்ல முடியாது." சிவப்பு மாத்திரை. அதைத் தின்றால் சிறுநீர், எச்சில், கண்ணீர் எல்லாமே செம்மஞ்சளாகப் போகும். அவர் கைக்குட்டை முழுக்க அந்தக் கறைதான்.

ஆனால் எங்கள் ஊரில் கை நடுங்கிக் கண் விலகினால் ஸ்கேன் எதற்கு? பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், அது ஒபுக்கோ. மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக்கொண்டால் வருகிற நடுக்கம். தேவாலயத்தில் அவர் பக்கத்து இருக்கை காலியானது. இமையைத் தூக்கினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று அவர் சொல்லித் தொலைத்திருந்தார். கல்லூரிக் காவல்காரன் என்னிடம், "ஒரு மாமியாரையே பாக்கக் கூடாது, அந்தாளுக்கு ரெண்டு தெரியுதாமே!" என்று கெக்கலித்தான். வாளித் தண்ணீரை அவன் பூட்ஸ் மேல் ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை கவூமா சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். நானும் அங்கே இருந்தேன். கியிம்பா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கவூமா அவரையே உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து போய் அந்த இமையைத் தூக்கினான். கண் இடது பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பின்கதவு. அதற்கு அப்பால் அந்த அம்மாவின் அறை.

"பாத்தீங்களா! மூடின இமைக்குள்ளயும் அது அங்கதான் போகுது!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கே முதுகில் சில்லென்றது, பொய் சொல்ல மாட்டேன்.

"நாற்காலியத் திருப்பிப் போடுறேன் மச்சான், அப்போ அது தெருவப் பாக்கும். தெருவுல போற எல்லாரும் எனக்கு மாமியாரா?" என்றார் கியிம்பா.

"சிரிக்காதே மாப்ளே. கழிப்புச் செய்யணும். ரெண்டு பேரும் சபையில எங்க பாத்தோம், எப்போ பாத்தோம்னு சொல்லணும். சொல்லாட்டி நீ போயிடுவே. உனக்கப்புறம் பிள்ளைகளுக்கு வரும்."

"நான் பாக்கல. அவங்களும் பாக்கல. பாக்காததைப் பாத்தேன்னு சொன்னா அந்தம்மா மானம் என்ன ஆகுறது?"

மறுநாள் அவர் கவூமாவைக் கையோடு எங்கள் அறைக்கே கூட்டிவந்து தட்டை நீட்டினார். "இதுதான் இடம் மச்சான். கட்டி இங்க இருக்கு. இதுல மாமியார் எங்க வந்தாங்க?" கவூமா குனிந்தான். அவன் முகம் வெளுத்தது. "இது பாக்குதுடா! இதுக்குக் கண்ணு இருக்கு, புருவம் இருக்கு!" என்று கத்திக்கொண்டு படியில் விழுந்து எழுந்து ஓடினான். கியிம்பா தட்டைப் பிடித்தபடியே நின்றார். உதவட்டும் என்று செய்ததெல்லாம் உபத்திரவமாகத்தான் போய் முடிந்தது.

முதல் மாதம் மாத்திரை அவரைப் புரட்டி எடுத்தது. தின்றதெல்லாம் வாந்தி. உடம்பு பாதியானது. தெயோபிஸ்தா விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து, "பத்து நாள் கூடத் தாங்க மாட்டார், அக்கா" என்று என்னிடம் அழுதாள். கவூமாவும் மற்றவர்களும் மறுபடி வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது பின்கதவுக்கு வெளியே யாரோ மண்டியிடும் சத்தம் கேட்டது. தலை முதல் மார்பு வரை துணி. குரல் மட்டும்தான் வந்தது.

"நான்தான் பாத்தேன். அவர் மேல தப்பில்ல. கதவிடுக்குல நின்னு, அவர் குளிச்சிட்டு வரும்போது பாத்தேன்."

கியிம்பா பாயிலிருந்து எழ முயன்றார், முடியவில்லை. நேராகப் பேசக் கூடாது என்பதால் மனைவியைப் பார்த்துக் கத்தினார். "பொய்னு சொல்லு உங்கம்மாகிட்ட! அந்தக் கதவுல இடுக்கே கிடையாது, நான் கட்டின கதவு!"

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எழுபது வயதுப் பெண்பிள்ளை, தேவாலயத் தாய்மார் சங்கத்தில் முன்வரிசைக்காரி, தன் வாயால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். இனி யார் என்ன சொல்லி என்ன? கழிப்பைச் செய்தார்கள். நடுவில் மரப்பட்டைத் துணியைப் பிடித்தார்கள், ஏதேதோ சொல்ல வைத்தார்கள். அதை விவரிக்க எனக்கு மனமில்லை. மறுநாளே அந்த அம்மாவைக் கோம்பாவுக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். அங்கே தாய்மார் சங்கத்தில் இடம் கொடுக்கவில்லை. அவர் தொட்ட குடத்தில் யாரும் தண்ணீர் மொள்ளவில்லை. ஆட்டுக் கொட்டிலை ஒட்டிப் படுக்கை.

மூன்றரை மாதம் கழித்துக் கியிம்பாவின் இமை ஏறத் தொடங்கியது. முதலில் ஒரு கீற்று, பிறகு பாதி, பிறகு முழுசாக. விலகிய கண் நாளுக்குக் கொஞ்சமாக நடுவுக்கு வந்தது. டாக்டர் அசெங் கைதட்டினாள். "கட்டி பாதிக்கு மேல கரைஞ்சிருச்சு. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க."

ஊருக்கும் கொண்டாட்டம். "பாத்தியா, அந்தக் கிழவி உண்மையச் சொன்னதும் கண்ணு தானா திறந்துக்கிச்சு!" காவல்காரன் சொன்னான், பாதிரியார் மனைவி சொன்னாள், சோளம் விற்கிறவள் கூடச் சொன்னாள். எதிரே வந்தவரெல்லாம் அவர் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர் கண்ணாடி போட ஆரம்பித்தார், கறுப்புக் கண்ணாடி. ஒருநாள் அதைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"என் கண்ணு பொய்ச்சாட்சி சொல்லுது, நாமுக்காசா. நான் வீதியில நடக்க நடக்க அவங்களைக் குத்தவாளின்னு சொல்லிக்கிட்டே போகுது."

தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் கைக்குட்டையைத் துவைக்க எடுத்தேன். வெள்ளையாக இருந்தது. செம்மஞ்சள் கறை எங்கேயும் இல்லை. எனக்குப் பகீரென்றது.

"அண்ணே, மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"நிறுத்திட்டேன்."

"பைத்தியமா உங்களுக்கு? செத்துப் போவீங்க!"

"ஒரு தடவை இமை விழட்டும். கழிப்பு செஞ்சது செஞ்சபடியே இருக்கு. நிறுத்தினது மாத்திரைய மட்டும்தான். அப்போ கண்ணு எதுனால திறந்துச்சுன்னு மடையனுக்கும் புரியுமில்ல? அவங்க பேரு வெளுக்கும். அப்புறம் திரும்பப் போட்டுக்கிறேன்."

"திரும்பப் போட்டாக் கேக்கலைன்னா?"

டாக்டரிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நானும் கொடுத்துத் தொலைத்தேன். ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஏழு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. தலைவலி வந்தது, நடை தடுமாறியது, கத்தி மறுபடி ஆடியது. தினமும் காலையில் எவர்சில்வர் தட்டில் தன் இமையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, இன்னும் விழவில்லையே என்று ஏமாந்து போவார். அந்த அறையில் இருந்த பிணங்களைவிட அவரைக் கண்டுதான் அப்போது எனக்குப் பயம். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இமை விழுந்தது. மனுஷன் மகன் பிறந்த மாதிரிச் சிரித்தார்.

சனிக்கிழமை கோம்பாவுக்குப் புறப்பட்டோம். ஒரு பக்கம் தெயோபிஸ்தா, ஒரு பக்கம் நான், நடுவில் தள்ளாடிக்கொண்டு அவர். மாத்திரை அட்டை என் பையில் இருந்தது. பலாமரத்தடியில் கவூமாவும் சொந்தங்களும் கூடினார்கள். நாற்காலி போட்டார்கள். கியிம்பா உட்காராமல் நின்றே பேசினார். கழிப்புச் செய்த நாள், மாத்திரை ஆரம்பித்த நாள், இமை ஏறிய நாள், மாத்திரையை நிறுத்திய நாள், மறுபடி விழுந்த நாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்துக்குங்க. கழிப்பு காப்பாத்தல, மருந்துதான் காப்பாத்திச்சு. எங்க மாமியார் என்னைப் பாக்கல."

கவூமா விரல் விட்டு நாள்களை எண்ணிப் பார்த்தான். புரிந்துவிட்டது, இனி வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்பான் என்றுதான் நான் நினைத்தேன்.

"அப்படின்னா," என்றான் மெல்ல, "அம்மா மறுபடியும் பாத்திருக்கா."

"நூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருந்துக்கிட்டா?" என்று நான் கத்தினேன்.

"கனவுல பாத்திருப்பா. கனவுல பாத்தாலும் பாத்ததுதான்."

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு கிழவர், "ஆமா, ராத்திரி கொட்டில்ல அவ பேசுற சத்தம் கேக்குது" என்றார். கியிம்பா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, விழுந்தார். வலது கை தொடை மேல் தடதடவென்று அடித்துக்கொண்டது. உயிரைப் பணயம் வைத்து அவர் கொண்டுவந்த சாட்சியை அவர்கள் ஒரே வார்த்தையில் அந்த அம்மாவின் தலையிலேயே போட்டுவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொட்டில் பக்கமிருந்து அந்த அம்மா வந்தார். தலையில் துணியில்லை. நரைத்த முடி, சுருங்கிய கன்னம், நெற்றியில் ஒரு தழும்பு. பதினோரு வருஷமாகக் கியிம்பா கூடவே அந்த வீட்டுக்குப் போய் வந்தவள் நான், துணி இல்லாமல் அந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெண்கள், "ஐயோ, மூடுங்க, மூடுங்க!" என்று அலறினார்கள். இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள்.

"கவூமா, அன்னைக்குப் பாத்தேன்னு சொன்னது பொய். இவர் உயிரு தங்கட்டும்னு சொன்னேன்" என்றார் அந்த அம்மா. "இப்போ பாக்கப் போறேன். எல்லாரும் சாட்சி."

மண்டியிடவில்லை. நேரே நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். கியிம்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் அந்த இமையைத் தூக்கினார். விரிந்து கறுத்த கண்மணியைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நீ இவ்வளவு கிழவன்னு என் மக சொல்லவே இல்லியே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மாத்திரை எங்க?" என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"அத்தே, வேண்டாம்... உங்க பேரு..." கியிம்பா அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என் பேரை வச்சிக்கிட்டு நான் என்ன செய்யட்டும்? அதைப் பொங்கித் திங்க முடியுமா? நீ செத்தா அந்தப் பேரை யாரு வந்து கேக்கப் போறா? வாயத் திற."

அவர் திறந்தார். அந்த அம்மா மாத்திரையை உள்ளே போட்டு, தண்ணீர் கொடுத்து, "நாக்கக் காட்டு. முழுங்கிட்டியா?" என்று பார்த்தார். கட்டைவிரலை இமையிலிருந்து எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பலாமரத்தடியில் எங்களையும் கவூமாவையும் தவிர ஒருவரும் இல்லை.

அதற்கப்புறம் மருந்து கேட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இமை ஏற எட்டு மாதம் பிடித்தது. வலது கை இன்னும் நடுங்குகிறது, அது போகாது என்று டாக்டர் அசெங் சொல்லிவிட்டாள். கத்தியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

பலாமரத்தடியில் கூடிய அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலமே அந்த அம்மாவும் எங்களோடு கம்பாலா வேனில் ஏறினார். உள்ளே நெரிசல். உட்கார ஒரே ஓர் இடம்தான் இருந்தது, கியிம்பாவுக்குப் பக்கத்தில். வேனில் இருந்த கோம்பா ஊர்க்காரர்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். "தள்ளி உக்காரு" என்று சொல்லிவிட்டு, அவர் தோளோடு தோள் இடிக்க அந்த அம்மா உட்கார்ந்துகொண்டார்.